கொக்கு கூடுகிற இடத்தில்தான் மீன் அதிகமா?

பெப்ரவரி 3, கந்தளாய் வாசகர் ஒருவரின் கேள்வி

கந்தளாய்க் குளம் நிறைந்து கிடக்கிறது. விடிய வள்ளம் கரை தட்டினால் பெட்டி பெட்டியாகத் திலாப்பியா இறங்குகிறது. ஆனால் குளத்தில் கொக்கைத் தேடித்தான் பார்க்க வேண்டும். தம்பலகாமம் பக்கம் வீதியோரத்தில் பாதி வற்றிய ஒரு சேற்றுக் குழி, அதில் வெள்ளை வெள்ளையாகக் கூட்டம். மீன் அதிகம் உள்ள இடத்துக்குத்தானே பறவை போக வேண்டும்? குளத்துத் தண்ணீரில் ஏதாவது நஞ்சு கலந்திருக்கிறதோ?

பெப்ரவரி 3, இரவு

நஞ்சைச் சந்தேகிக்க முதல் காலைப் பாருங்கள், கொக்கின் காலை. சின்னக் கொக்கு நீந்தாது, முங்காது. ஒரு சாண் தண்ணீரே அதற்குத் தாராளம். நிறைந்த குளத்தில், அதுவும் கல் அடுக்கிய அணைக்கட்டுப் பக்கம், இரண்டு எட்டு வைத்தால் ஆள் ஆழம். அதற்குள் எவ்வளவு திலாப்பியா ஓடினாலும் கொக்கின் கணக்கில் அது இல்லாத மீன். நீர்க்காகம் வேண்டுமானால் முங்கிப் பிடிக்கும். அடுத்த முறை குளத்தில் நீர்க்காகம் எத்தனை என்று பார்த்து எழுதுங்கள்.

மீன் இருப்பது வேறு, மீன் அகப்படுவது வேறு. இந்தப் பறவைகள் இடம் தேர்வதில் பாதிக் கதை இதுதான்.

பெப்ரவரி 4

அப்படியென்றால் ஆழமில்லாத இடமெல்லாம் கொக்கு நிற்க வேண்டுமே, என் வயலில் கணுக்கால் தண்ணீர்தான், ஒன்றையும் காணோம் என்கிறார் அதே வாசகர். மாரி நெல் விளையும் பெரும்போக வயலில் இப்போது கதிர் தலை சாய்ந்து நிற்கும். அதற்குள் இறங்கினால் கொக்குக்கு மீனும் தெரியாது, வருகிற நரியும் தெரியாது. பறந்து எழும்பவும் இடமில்லை. மடையான் வரம்போரம் பதுங்கி நிற்கும், சம்புக்கோழி உள்ளே திரியும். அவை வேறு சாதி. வெள்ளைக் கொக்குக்குத் திறந்த வெளி வேண்டும்.

பெப்ரவரி 6

ஆழம், வெளி இரண்டையும் சொல்லிவிட்டு முக்கியமானதை விட்டால் சரியில்லை. தண்ணீர் ஏறுகிறதா, இறங்குகிறதா?

மகாவலி 335 கிலோமீற்றர் ஓடி வந்து நம் திருகோணமலை மாவட்டத்தில் இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை வெருகல் ஆறாக வெருகலில் கடலைச் சேர்கிறது, மற்றது மூதூருக்குப் பக்கத்தில் கொட்டியாரக் குடாவில் விழுகிறது. இரண்டுக்கும் நடுவிலும் மேலே சோமாவதிப் பக்கத்திலும் கிடக்கிற பள்ள நிலமெல்லாம் மாரியில் ஆற்றின் நிலம். வடகீழ்ப் பருவ மழையில் மகாவலி கங்கை கரை மீறும். அப்போது மீன் ஆற்றை விட்டுப் புல்லுக்குள் ஏறும். புல் அழுகிப் புழுவும் பூச்சியும் பெருகிய இளஞ்சூட்டுத் தண்ணீரில் குஞ்சு பொரித்து வளரும். வெள்ளம் என்பது ஆற்றுக்கு வந்த நோய் இல்லை, ஆற்றின் மூச்சு என்ற கருத்தை யுங், பெய்லி, ஸ்பார்க்ஸ் என்ற மூன்று ஆய்வாளர்கள் 1989இல் வெள்ளத் துடிப்பு என்ற பெயரில் எழுதினார்கள். அமேசனை மனதில் வைத்து எழுதியது, ஆனால் வெருகல்காரருக்குப் புதிதாக எதுவும் சொல்லவில்லை.

வெள்ளம் உச்சத்தில் நிற்கும்போது மீன் மொத்தத் தொகையில் அதிகம், பறவைக்குப் பயன் குறைவு. மீன் சிதறிக் கிடக்கும். தை கழிந்து தண்ணீர் வடியத் தொடங்கினால்தான் விளையாட்டு. பெரிய மீன் ஓடையைப் பிடித்து ஆற்றுக்குத் திரும்பிவிடும். குஞ்சும் சிறுமீனும் வில்லு என்கிற வெள்ளச் சமவெளிக் குட்டைகளிலும் குழிகளிலும் அகப்படும். ஒரு ஏக்கர் தண்ணீரில் பரவிக் கிடந்தது ஒரு கூடம் அளவு குழிக்குள் சுருங்கும். மீன் புதிதாக ஒன்றும் பிறக்கவில்லை, தண்ணீர்தான் அதை ஒன்று சேர்த்துக் கொடுக்கிறது. தம்பலகாமத்துக் குழியில் நடப்பது அதுதான்.

சின்ன வயதில் கிளிவெட்டி, கங்குவேலிப் பக்கம் மாசி பங்குனியில் மீன் பிடிக்கிற கரப்புக் கூடை எடுத்துக்கொண்டு இறங்குவோம். எந்தக் குழி என்று யாரும் யோசித்ததில்லை. கொக்கு எங்கே இறங்குகிறதோ அங்கே நாங்கள் போய் அதைக் கலைத்துவிட்டு நாங்கள் குத்துவோம். விராலும் பனையேறிக் கெண்டையும் நமக்கு, பொடிமீன் அதற்கு. கொக்கிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை.

பெப்ரவரி 6, சேர்க்கை

நேரத்தையும் சொல்ல வேண்டும். வற்றுகிற குழியில் இரவு முழுதும் பாசியும் செடியும் ஒட்சிசனை இழுக்கும். விடியும்போது தண்ணீரில் மூச்சு இல்லாமல் சிறுமீன் மேலே வந்து வாய் பிளக்கும். பிரான்சின் கமார்க் சதுப்பில் சின்னக் கொக்குகள் இப்படிப்பட்ட விடியற்காலைகளில் கூட்டம் கூடுவதை ஆய்ந்திருக்கிறார்கள். பத்து மணிக்கு வெயிலில் செடி மறுபடி ஒட்சிசன் விட, மீன் கீழே போகும், கொக்கும் கலையும். நீங்கள் மத்தியானம் போய் "ஒன்றுமில்லை" என்றால் அது கொக்கின் பிழை இல்லை.

பெப்ரவரி 10

உறுமீன் வரும் வரைக்கும் வாடி நிற்பதுதானே கொக்கின் குணம் என்று ஒருவர் பள்ளிக்கூடப் பாடத்தை நினைவூட்டினார். பாடமாக்கிய எல்லோருக்கும் வரும் சந்தேகம். சாம்பல் நாரைக்கு அது ஓரளவு பொருந்தும், மரக்கட்டை மாதிரி மணிக்கணக்காக நிற்கும். சின்னக் கொக்கைப் பாருங்கள்: ஓடும், திரும்பும், மஞ்சள் விரலைச் சேற்றில் நடுக்கி மீனைக் கிளப்பும், இறக்கையை விரிக்கும். அது பிடிப்பது பெரும்பாலும் விரல் நீளப் பொடி. பெரிய மீனைப் பிடித்தால் திருப்பிப் பிடித்து விழுங்கும் வரை நேரம் போகும், அதற்குள் பக்கத்து நாரை வந்து பறிக்கும். உறுமீன் என்பது பறவைக்கு இலாபமா என்பதைத் தனியாகக் கணக்குப் பார்க்க வேண்டும்.

பெப்ரவரி 11

மடையானும் அப்படித்தானே நிற்கிறது என்று எழுதியவருக்கு: ஓம், மடையான் வாடித்தான் நிற்கும். அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், இனி இதைப் பற்றி வேண்டாம்.

பெப்ரவரி 17

கிண்ணியாப் பாலத்தில் மோட்டார் சைக்கிளை ஓரம் கட்டிவிட்டுத் தம்பலகாமக் குடாப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன். மேலே எழுதியதில் கொக்கை மட்டும் அளவாக வைத்துப் பேசியது போதாது என்று பட்டது.

கண்ணால் வேட்டையாடும் பறவை ஒரு வகை, தொட்டு வேட்டையாடுவது இன்னொரு வகை. கொக்கும் சாம்பல் நாரையும் கண். மஞ்சள் மூக்கு நாரை, கரண்டிவாயன், அரிவாள் மூக்கன் எல்லாம் தொடுகை. மஞ்சள் மூக்கு நாரை அலகைப் பாதி திறந்து கலங்கல் தண்ணீருக்குள் வைத்துக்கொண்டு நடக்கும், காலால் கிளறும், ஏதாவது பட்டவுடன் அலகு மூடும். இதன் அமெரிக்க உறவான மர நாரையில் அந்த மூடும் நேரத்தை அளந்திருக்கிறார்கள். ஒரு வினாடியில் நாற்பதில் ஒரு பங்கு. கண் கட்டிய நாரையும் மீன் பிடித்தது. கரண்டிவாயன் தலையை இடம் வலமாக வீசிக்கொண்டு போகும்.

இப்படிப் பிடிக்கிற பறவைக்குத் தண்ணீர் கலங்கினால் நட்டமில்லை. ஆனால் மீன் நெருக்கமாக இல்லாவிட்டால் அதன் பிழைப்பு நடக்காது, ஏனென்றால் மீனை அது தேடிப் பார்த்துப் போவதில்லை, மோதும் வரை காத்திருக்கிறது. கண்ணால் பிடிக்கிற கொக்கு மீன் ஐதான இடத்திலும் ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் சமாளிக்கும்.

புளோரிடாவின் எவர்கிளேட்ஸ் சதுப்பில் டேல் கோலிக் என்பவர் இதைச் செய்தே பார்த்தார், 2002இல் வெளிவந்தது. செயற்கைக் குளங்களில் தண்ணீரை 10, 19, 28 சென்ரிமீற்றர் என்று வைத்து, மீனை எண்ணி விட்டு, எந்தப் பறவை எப்போது வருகிறது, எப்போது விட்டுப் போகிறது என்று பார்த்தார். மர நாரையும் அங்குள்ள வெள்ளை அரிவாள் மூக்கனும் நல்ல மேசை கிடைத்தால் இருக்கும், கொஞ்சம் குறைந்தால் எழும்பி வேறிடம் தேடும். பெரிய வெள்ளைக் கொக்கு போன்றவை இருந்து வழித்துத் துடைத்துவிட்டுத்தான் போகும். பெரிய வெள்ளைக் கொக்கு நமக்கும் உண்டு. வில்லு வற்றும்போது கடைசி வரை நிற்பவை அவைதான் என்று எனக்கும் தோன்றும். கூட்டம் கூட்டமாக வந்து திடீரென்று காணாமல் போவது மஞ்சள் மூக்கு நாரை.

ஆகவே ஒரு குழி நல்லதா கெட்டதா என்று கேட்டால், யாருக்கு என்று திருப்பிக் கேட்க வேண்டும்.

பெப்ரவரி 18

கிண்ணியா நானா ஒருவர் கேட்கிறார்: ஒரே மாதிரிக் குழி நாலு இருக்கிறது, எல்லாம் ஒன்றில் போய்க் குவிகிறதே, மற்ற மூன்றிலும் மீன் இல்லையா?

இருக்கலாம் நானா. ஆள் நிறைந்த கொத்துரொட்டிக் கடையைத் தேடி நாம் போகிற மாதிரித்தான் அதுவும். மேலே பறக்கிற பறவைக்கு ஒவ்வொரு குழியாக இறங்கிச் சோதிக்க நேரமும் உடம்பில் பலமும் இல்லை. கீழே வெள்ளையாக நாலு நின்றால் அங்கே ஏதோ கிடைக்கிறது என்று பொருள். கொக்குப் பொம்மைகளைச் சதுப்பில் நட்டு வைத்துப் பார்த்திருக்கிறார்கள், வெள்ளைப் பொம்மை இருந்த இடத்தில் பறவை இறங்கியது. சாம்பலும் பழுப்புமாக இருக்கிற நாரையும் மடையானும் பெரும்பாலும் தனியே நின்று வேட்டையாடுவதைப் பார்த்தால், வெள்ளை நிறத்துக்கும் கூட்டத்துக்கும் தொடர்பு உண்டு என்று நினைக்க இடமிருக்கிறது.

கூட்டத்தில் இலாபமும் உண்டு. ஒன்று கிளப்பிய மீன் மற்றதன் பக்கம் ஓடும். நட்டமும் உண்டு, பறிகொடுப்பது.

மார்ச் 2

சேருவிலப் பக்கத்திலிருந்து ஒரு குறை: பட்டி மாடும் எருமையும் வில்லுக்குள் இறங்கி நிலத்தைக் குழப்புகின்றன, பறவைக்கு இடமில்லாமல் போகிறது, மாட்டைத் தடுக்க வேண்டும்.

முதலில் தலையாட்டத்தான் தோன்றியது. யோசித்தால் அவ்வளவு நேரானது இல்லை. மேயாத வில்லில் புல் இடுப்பளவு வளரும். சல்வீனியாவும் ஆகாயத்தாமரையும் மூடிய வில்லில் தண்ணீரே கண்ணுக்குத் தெரியாது, அதில் கொக்கு எதைப் பார்க்கும்? இலைக்கோழி இலை மேல் நடக்கும், அவ்வளவுதான். எருமை மேய்ந்து மிதித்த இடத்தில் புல் கட்டையாகும், குளம்புக் குழியில் தண்ணீர் தேங்கும், அதில் தலைப்பிரட்டையும் பூச்சியும் இருக்கும், உள்ளான்கள் அதை விடாது. சோமாவதியில் யானையும் இதே வேலையைப் பெரிய அளவில் செய்கிறது.

அதற்காகப் பட்டி எவ்வளவு வந்தாலும் நல்லது என்று நான் சொல்லவில்லை. கோடையில் கடைசித் தண்ணீருக்கு எல்லாப் பட்டியும் ஒரே வில்லில் இறங்கினால் அது சாணிக் குழம்பு. ஆட்காட்டி நிலத்தில் முட்டையிடும், மிதிபடும். எத்தனை மாடு, எந்த மாதம் என்று கேட்காமல் மாட்டைத் திட்டுவதில் பயனில்லை.

மார்ச் 3

ஆட்காட்டியைப் பற்றி எழுதியவுடன் நாலு பேர் அது ராவில் கத்தித் தூக்கத்தைக் கெடுப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். நிலவில் அது இரை தேடும், அதனால் விழித்திருக்கிறது. உங்களைப் பார்த்துத்தான் கத்துகிறது என்றால் நீங்கள் ஏன் அந்த நேரம் வயலில் நிற்கிறீர்கள்?

மார்ச் 20

மகாவலியின் மேலே கட்டிய அணைகளால் இங்கே வெள்ளம் குறைந்ததா என்று கேட்டவருக்கு. பொல்கொல்லைத் திசைதிருப்பல் 1976, விக்டோரியா 1985. அதற்குப் பிறகு மேலே தண்ணீரைப் பிடித்து வைத்து விடுகிறார்கள், அதனால் கீழே சாதாரண மாரி வெள்ளம் முன்பு போலப் பரவுவதில்லை. பெரிய மழை வந்தால் இப்போதும் கங்கை தன் நிலத்தைக் கேட்டு வாங்கும், அது வேறு. வெள்ளச் சமவெளித் தேசியப் பூங்காவை 1984இலும் சோமாவதியை 1986இலும் அறிவித்தார்கள். பூங்காவுக்குக் கோடு போட்ட அதே வருடங்களில் மேலே அணையும் கட்டி முடிந்தது என்பதை யாராவது சேர்த்து யோசித்தார்களோ என்னவோ. நிலத்தைக் காப்பாற்றுவது வேலி போட்டு முடிகிற காரியம். அந்த நிலத்துக்கு வரவேண்டிய வெள்ளத்தைக் காப்பாற்ற வேலி உதவாது.

எனக்கு அதைவிடக் கவலை தருவது வடிகிற காலம். வடிதல் தொடர்ந்து நடக்க வேண்டும். மீன் ஒடுங்கிக்கொண்டு வரும்போது நடுவில் தண்ணீர் மறுபடி ஏறினால், ஒடுங்கிய மீன் திரும்பச் சிதறும். எவர்கிளேட்ஸில் இப்படி ஏறியபோது நாரைகள் கூட்டையும் குஞ்சையும் விட்டுப் போனது பதிவில் உண்டு. நம் பக்கம் காலம் தப்பிய மழையும், மேலே சிறுபோகத்துக்கு, அதாவது கோடை நெல்லுக்கு, திறந்த தண்ணீர் வயல் வழியே வடிந்து பள்ளத்துக்கு வருவதும் அதையே செய்யும். வில்லுக்குத் தண்ணீர் வந்தால் நல்லதுதானே என்று நினைப்போம். எப்போது வந்தது என்பதும் கணக்கு.

வயல்காரன் பிள்ளையாக இதை எழுதுவதில் எனக்குச் சங்கடம் உண்டு. சிறுபோகத் தண்ணீர் பிந்தினால் தண்ணீர் பங்கிடுகிற வட்டவிதானையோடு முதலில் சண்டைக்குப் போகிறவர்களும் என் வீட்டு ஆட்கள்தான்.

ஏப்ரல் 27

சிறுபோக உழவு தொடங்கிவிட்டது, கொக்குக்கு இரண்டாவது விருந்து. உழவு இயந்திரத்தின் பின்னால் உண்ணிக்கொக்கு வரிசை. இப்போது தலையும் கழுத்தும் செம்மஞ்சள், கலியாணக் கோலம். மாட்டின் பின்னால் போகிற உண்ணிக்கொக்கு தனியே தேடுவதைவிடக் குறைய நடந்து கூடப் பிடிக்கிறது என்று கணக்கெடுத்திருக்கிறார்கள். மாட்டுக்குப் பதில் இயந்திரம் வந்தாலும் அதற்கு ஒன்றும் வித்தியாசமில்லை.

பலகையடித்த வயலில் நத்தைகுத்தி நாரையும் நின்றது. அலகின் நடுவில் இடைவெளி இருப்பதால் பாக்குவெட்டி போல நத்தையை நசுக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். நசுக்குவதில்லை. அலகு நுனியை ஓட்டுக்குள் செலுத்தித் தசையை அறுத்து உருவி எடுக்கும், ஓடு பெரும்பாலும் உடையாமல் கிடக்கும். வரம்பில் பொறுக்கிப் பாருங்கள். நத்தை கோடையில் சேற்றுக்குள் மூடிக்கொண்டு கிடக்கும், தண்ணீர் பட்டால் வெளியே வரும். அதனால் இந்த நாரைக்கு நாள்காட்டி வில்லு இல்லை, வாய்க்காலில் தண்ணீர் திறக்கிற நாள்.

வயலை வெள்ளச் சமவெளிக்கு மாற்றாக எடுத்துக்கொள்ளலாமா என்ற கேள்விக்கு: சில கிழமைகளுக்கு மட்டும். நாற்று மூடினால் கடை பூட்டு.

மே 12

கூமுனைப் பறவைச் சரணாலயத்தில் நாரைகளும் கொக்குகளும் கூடு கட்டுகிற காலம் இது. குஞ்சு கத்துகிற நேரமும் தண்ணீர் ஒடுங்குகிற நேரமும் சேர்ந்து வருவது தற்செயல் இல்லை. கூட்டிலிருந்து எவ்வளவு தூரத்தில் இரை என்பதும் இடத்தேர்வில் பாதி. எவ்வளவு நல்ல குழியானாலும் போய்வர நாள் போனால் குஞ்சு பட்டினி.

செப்டெம்பர் 8

கச்சான் காற்று நின்றபாடில்லை. கந்தளாய்க் குளம் சிறுபோகத்துக்கு இறைத்துக் கீழே போய்விட்டது. மேல்கரைப் பக்கம் சேறும் கணுக்கால் தண்ணீருமாக நீளத்துக்கு விரிந்து கிடக்கிறது, அதில் மஞ்சள் மூக்கு நாரை, கரண்டிவாயன், பெரிய கொக்கு, பவளக்கால் உள்ளான், எல்லாம். பெப்ரவரியில் கேள்வி கேட்ட தம்பி இப்போது ஒரு நடை போய்ப் பார்க்கலாம். மேல்கரை ஏன் என்றால், அங்கே தரை மெல்லச் சரிகிறது. தண்ணீர் ஒரு விரல் இறங்கினால் கரை பல அடி பின்வாங்கும், ஒவ்வொரு நாளும் புதுச் சேறு. அணைக்கட்டுப் பக்கம் இப்போதும் ஒன்றுமில்லை.

செப்டெம்பர் 9

தம்பி அணைக்கட்டுப் பக்கமே போய்ப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று எழுதியிருக்கிறார். மேல்கரை என்று மேலே எழுதியிருக்கிறேன்.

ஒக்டோபர் 1

வலசை வந்த உள்ளான்கள் உப்பாற்றுப் பக்கம் இறங்கிவிட்டன. கருவால் மூக்கனும் தெரிகிறது. மழை தொடங்கிச் சமவெளி மூடும்போது இவற்றுக்கு ஆற்றுப் பக்கம் இடமிராது, களப்பின் ஓரமும் குடாவின் சேறும்தான். நம் கடலில் வற்றுப் பெருக்கு ஒரு மீற்றருக்கும் குறைவு, ஆகவே பெரிய சேற்று வெளியை எதிர்பார்க்க வேண்டாம். காற்றுத் தண்ணீரைத் தள்ளுகிற நாளில் சேறு கூடக் குறைய வெளியே வரும்.

இதிலிருந்து ஒரு தொல்லை. ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு ஜனவரியில் நடக்கிறது. இந்தியாவின் பல பகுதிகளில் அது நல்ல மாதம், அங்கே மழை முடிந்து நீர் வடிந்திருக்கும். நமக்கு ஜனவரி என்றால் வெள்ளம் இன்னும் நிற்கிற காலம். அந்த மாதம் வில்லுகளை எண்ணிவிட்டு இங்கே தண்ணீரில் நடந்து இரை தேடுகிற பறவை குறைவு என்று முடிவு கட்டினால், அந்த நிலம் பயனில்லாதது என்று தாளில் விழும். அதே நிலத்தை மார்ச்சில் எண்ண வேண்டும். ஜனவரிக் கணக்கு வேண்டாம் என்பதில்லை, எல்லா நாடும் ஒரே மாதம் எண்ணுவதற்குக் காரணம் இருக்கிறது. அதோடு சேர்த்து நமக்கென்று ஒரு மார்ச், ஒரு செப்டெம்பர்.

ஒக்டோபர் 12

ஈச்சிலம்பற்றிலிருந்து ஒருவர்: ஊருக்குப் பக்கத்துப் பள்ளத்தை ஆழமாக வெட்டி மீன் விட ஒரு திட்டம் பேசுகிறார்கள், பறவைக்கும் நல்லது என்கிறார்கள், உண்மையா?

மீனுக்கும் மாட்டுக்கும் நல்லதாக இருக்கலாம். பெக்கோ என்கிற மண் வெட்டும் மெஷினை வைத்துச் செங்குத்தாக வெட்டினால் நீர்க்காகத்துக்கும் மீன்கொத்திக்கும் நல்லது. கொக்கு, நாரை, உள்ளானுக்கு இருந்த பள்ளமும் போகும். வெட்டத்தான் வேண்டுமென்றால் ஒரு பக்கத்தை மட்டும் ஆழமாக்கி, மற்றப் பக்கத்தை மாடு நடந்து இறங்குகிற சரிவில் விடச் சொல்லுங்கள். வெட்டிய மண்ணை அந்தச் சரிவில் கொட்டாமல் பார்ப்பதுதான் கஷ்டம், ஏனென்றால் மெஷின்காரருக்கு அதுதான் கிட்ட. வரைபடத்தில் ஆழம் எவ்வளவு என்று மட்டும் போட்டிருந்தால், சரிவும் எழுதச் சொல்லிக் கேளுங்கள். வேலை தொடங்க முதல் ஒரு நீளத் தடியில் சாண் கணக்கில் கோடு போட்டு இப்போதுள்ள பள்ளத்தில் நட்டு வையுங்கள். எந்தக் கோட்டில் தண்ணீர் நின்றபோது எந்தப் பறவை நின்றது என்று கொப்பியில் எழுதினால், கூட்டத்தில் கதைக்க உங்களிடம் ஏதாவது இருக்கும்.